கணக்கில் லாபம், சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாற்று: ‘ஒர்க்கிங் கேப்பிட்டல்’ என்பது எதைக் குறிக்கிறது?

கேள்வி: பெருமாநல்லூருக்கு அருகில் நானும் என் கணவரும் ஒன்பது ஆண்டுகளாகப் பனியன் கம்பெனி நடத்துகிறோம். நூல் வாங்கி, நிட்டிங்கும் டையிங்கும் வெளியில் கொடுத்து, தையலும் பேக்கிங்கும் எங்கள் இடத்திலேயே செய்து, உள்நாட்டு மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். சென்ற நிதியாண்டில் விற்பனை 1 கோடியே 80 லட்சம் ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 1 கோடியே 40 லட்சம். வரி போக லாபம் 12 லட்சம் என்று ஆடிட்டர் கணக்கு முடித்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை இரவானால், மறுநாள் சம்பளத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்பதுதான் வீட்டில் பேச்சு. வங்கி மேலாளர், ‘உங்களுக்கு ஒர்க்கிங் கேப்பிட்டல் போதவில்லை’ என்கிறார். ஆடிட்டர், ‘உங்கள் ஒர்க்கிங் கேப்பிட்டல் 15 லட்சம் பிளஸ்’ என்கிறார். என் கணவருக்கு அது சி.சி. கணக்கின் (கேஷ் கிரெடிட், அதாவது ஓர் எல்லைக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன்) இன்னொரு பெயர். என் மாமனாரோ, ‘லாபம் வருகிற தொழிலுக்குக் கடன் எதற்கு?’ என்று கேட்கிறார். இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? 20 லட்சமாக உள்ள சி.சி. லிமிட்டை 36 லட்சமாக உயர்த்திக் கேட்கலாமா? இரண்டு ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்புகளை (பேலன்ஸ் ஷீட்) இணைத்துள்ளேன்.

பதில்: அம்மணி, உங்கள் வீட்டில் ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் புழங்குகிறீர்கள். மேலாளரும் ஆடிட்டரும் சொல்வது அவரவர் கணக்குப்படி சரி. உங்கள் கணவர் சொல்வது தவறு. உங்கள் மாமனார் கேட்டிருப்பதோ பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. குறிப்புகளை அனுப்பியது நல்லதாயிற்று, ஏனென்றால் இந்தச் சொல்லை வெறும் இலக்கணமாக விளக்குவதைவிட உங்கள் எண்களை வைத்தே விளக்குவது எனக்கும் எளிது, உங்களுக்கும் பயன்படும்.

வணிகவியல் பாடங்களில் இதை ‘நடைமுறை மூலதனம்’ என்று எழுதுகிறார்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் தொழில் செய்பவர்கள் வாயில் இது ‘ரொட்டேஷன் பணம்’. இரண்டில் பின்னதுதான் பொருளுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். கட்டடத்திலும் மெஷினிலும் போட்ட பணம் ஓரிடத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகள் உழைக்கும்; ரொட்டேஷன் பணமோ நூலாகப் போய், துணியாகி, பனியனாகி, பில்லாகி, மறுபடியும் பணமாகக் கைக்குத் திரும்பி, அடுத்த லோடு நூலுக்குப் புறப்பட வேண்டும். அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும் பணத்தின் மொத்த அளவு ஒன்று. அதில் எவ்வளவு உங்கள் சொந்தப் பணம் என்பது இன்னொன்று. அந்தச் சுற்றுக்காக வங்கி தரும் கடன் மூன்றாவது. மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இந்தக் குழப்பம். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் மட்டுமல்லாமல், பத்து இருபது ஆண்டுகள் ஆனவர்களும் என் அலுவலகத்தில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஆடிட்டரின் பொருள். ஓராண்டுக்குள் பணமாக மாறக்கூடியவை நடப்புச் சொத்துகள். ஓராண்டுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டியவை நடப்புப் பொறுப்புகள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது நிகர நடைமுறை மூலதனம். மார்ச் 31 அன்று உங்களிடம் நூல், துணி, தைத்த சரக்கு எல்லாம் சேர்த்து 15 லட்சம், வியாபாரிகளிடமிருந்து வர வேண்டியது 44 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 1 லட்சம், ஆக 60 லட்சம் இருந்திருக்கிறது. நூல் வியாபாரிக்கும் நிட்டிங், டையிங் யூனிட்டுகளுக்கும் கொடுக்க வேண்டியது 19 லட்சம், சி.சி. கணக்கில் 20 லட்சம், ஜி.எஸ்.டி., கூலி பாக்கி போன்றவை 6 லட்சம், ஆக 45 லட்சம். வித்தியாசம் 15 லட்சம். 60 லட்சத்தை 45 லட்சத்தால் வகுத்தால் விகிதம் 1.33. இந்த 1.33 என்ற எண்ணுக்கு ஒரு பழைய மரியாதை உண்டு. 1974 இல் ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் குழு, நடப்புச் சொத்துகளில் கால் பங்கையாவது தொழில் செய்பவர் தம் நீண்டகாலப் பணத்திலிருந்து போட வேண்டும் என்ற ஒரு முறையைப் பரிந்துரைத்ததிலிருந்து வந்தது அது; 100 ரூபாய்ச் சொத்துக்கு 75 ரூபாய்ப் பொறுப்பு என்றால் விகிதம் 1.33. அந்த முறை கட்டாயமாக இருந்த காலம் போய்விட்டது; ஆனால் வங்கிக் கடன் பிரிவுகள் இன்றும் அந்த எண்ணைத் தேடுவதுண்டு. ஆகவே உங்கள் ஆடிட்டர் திருப்தியடைந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த 60 லட்சத்துக்குள் கொஞ்சம் கை விட்டுப் பார்க்க வேண்டும். வர வேண்டிய 44 லட்சத்தில் 8 லட்சம் ஒரே வியாபாரியிடம், சரக்குத் தரம் பற்றிய தகராறில், ஓராண்டுக்கு மேலாக நிற்பதாக உங்கள் பாக்கிப் பட்டியல் காட்டுகிறது. சரக்கிருப்பில் 3 லட்சம், கேன்சல் ஆன ஆர்டரின் மிச்சத் துணி. இவை இரண்டும் கணக்கில் நடப்புச் சொத்துகள்தாம். நடப்பில் நகராத சொத்துகள். இந்த 11 லட்சத்தை ஒதுக்கிவிட்டால் உங்கள் ‘பிளஸ்’ 15 லட்சத்திலிருந்து 4 லட்சமாகச் சுருங்குகிறது. ஆடிட்டர் சொன்னது பொய்யில்லை. அவர் மார்ச் 31 அன்று எடுத்த ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறார். படத்தில் இருப்பவர்களில் யார் நடக்கக்கூடியவர், யார் படுத்த படுக்கை என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது.

மேலாளரின் பொருள் வேறு. அவர் கேட்பது, உங்கள் அளவுள்ள தொழில் தடங்கலின்றி ஓட எவ்வளவு பணம் சுற்றில் இருக்க வேண்டும் என்பது. சிறுதொழில் கடன்களை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு 1992 இல் தந்த பரிந்துரை இதற்கு ஒரு சுருக்குவழி கொடுத்தது. சிறிய யூனிட்டின் சுற்று மூன்று மாதம், அதாவது ஆண்டுக்கு நான்கு முறை பணம் சுற்றி வரும் என்று வைத்துக்கொண்டு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதத்தைத் தேவையாகக் கொள்வது. அதில் 20 சதவீதத்தை வங்கி தருவது, 5 சதவீதத்தை உரிமையாளர் போடுவது. 1 கோடியே 80 லட்சத்துக்கு அந்தக் கணக்குப்படி தேவை 45 லட்சம், வங்கிப் பங்கு 36 லட்சம். நீங்கள் கேட்க நினைக்கும் 36 லட்சம் என்ற எண் யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்பது இப்போது புரிகிறது.

சுருக்குவழியை நம்பாமல் உங்கள் சுற்றையே நாள் கணக்கில் எண்ணிப் பார்ப்போம், ஏனென்றால் இந்தச் சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நூல் இறங்கிய நாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். நிட்டிங் முடிய 5 நாள். டையிங், காம்பாக்டிங் முடிந்து துணி திரும்ப இன்னும் 15 நாள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் 20 நாள். லாரி ஏறக் காத்திருப்பது 5 நாள். ஆக 45 ஆம் நாளில் சரக்கு கிளம்புகிறது. உங்கள் வியாபாரிகள் சராசரியாக 75 நாள் கழித்துப் பணம் அனுப்புகிறார்கள். நூல் இறங்கிய நாளிலிருந்து 120 ஆம் நாளில்தான் அந்த நூலின் பணம் உங்கள் வாசலுக்குத் திரும்புகிறது. இடையில், நூல்காரருக்கு 30 ஆம் நாளில் பணம் கொடுத்துவிடுகிறீர்கள். நிட்டிங், டையிங் பில்களும் ஏறக்குறைய அந்நாளை ஒட்டியே போகின்றன. தையல் கூலி 20 ஆம் நாளிலிருந்து 40 ஆம் நாள் வரை வாராவாரம் போவதால் அதற்கும் சராசரி 30 ஆம் நாள்தான். ஆகவே உங்கள் பணம் 30 ஆம் நாள் வீட்டை விட்டுக் கிளம்பி 120 ஆம் நாள் திரும்புகிறது. 90 நாள் வெளியூர் வாசம். விற்பனையில் லாபம் போக மீதியைச் செலவாகக் கொண்டால் ஆண்டுக்கு 1 கோடியே 68 லட்சம், நாளொன்றுக்கு சுமார் 46,000 ரூபாய். 90 நாளுக்கு 41 லட்சத்துக்குச் சற்று மேல். உங்கள் குறிப்பில் சரக்கு 15 லட்சம், வர வேண்டியது 44 லட்சம் இரண்டையும் கூட்டி, கொடுக்க வேண்டிய 19 லட்சத்தைக் கழித்தால் 40 லட்சம் வருகிறது. நாள் கணக்கும் ஏட்டுக் கணக்கும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்கின்றன.

எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஒர்க்கிங் கேப்பிட்டல் வேண்டும் என்பதை லாபம் தீர்மானிப்பதில்லை. பணம் வெளியே நிற்கும் நாள்களே தீர்மானிக்கின்றன. சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரருக்குப் பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வந்துவிடுகின்றன. அவருக்கு மின்கட்டணமும் ஆள்கூலியும் கொடுக்கப் பணம் இருந்தால் போதும். கூலி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், நூல் நிற்கும் நாள்களின் சுமையை இன்னொருவர் தாங்குவது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் குஞ்சு வாங்கிச் சுமார் 20 வாரம் தீவனம் போட்ட பிறகே முட்டையைப் பார்க்கிறார். ஆனால் முட்டை வரத் தொடங்கினால் சுற்று சில நாள்களாகச் சுருங்கிவிடுகிறது. மஞ்சளை விலைக்காகக் குடோனில் வைத்திருக்கும் ஈரோட்டு வியாபாரியின் சுற்று எப்போது முடியும் என்பது அவருக்கே தெரியாது. இதற்கு நேர்மாறாக, காலையில் சாப்பிடுகிறவர் காலையிலேயே காசு கொடுத்துவிட, மளிகைக் கடைக்கு மாதம் ஒரு முறை கணக்குத் தீர்க்கும் மெஸ்காரருக்கு நிகர நடைமுறை மூலதனம் கழித்தல் குறியில்கூட இருக்கலாம். அவர் தொழிலில் அது நோய் ஆகாது. ஆகவே ‘பிளஸ்’ என்றால் நல்லது, ‘மைனஸ்’ என்றால் கெட்டது என்று எந்தத் தொழிலுக்கும் பொதுவாகச் சொல்ல இயலாது.

இப்போது உங்கள் மாமனாரின் கேள்விக்கு வருகிறேன். 12 லட்சம் லாபம் எங்கே போயிற்று என்பதை இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. லாபம் 12 லட்சம், கையை விட்டுப் போகாத செலவான தேய்மானம் 2 லட்சம், ஆக 14 லட்சம் தொழிலிலிருந்து கிடைத்திருக்கிறது. சி.சி. 12 லட்சத்திலிருந்து 20 லட்சமாக ஏறியதில் 8 லட்சம் வந்திருக்கிறது. நூல், டையிங் பாக்கியைக் கூடுதலாக நிறுத்தி வைத்ததில் 5 லட்சம். மொத்தம் 27 லட்சம். போன வழி இது: ஃபிளாட்லாக், ஓவர்லாக் மெஷின்கள் ரொக்கத்துக்கு வாங்கியது 5 லட்சம், பெருந்துறைப் பக்கம் சைட்டுக்கு (வீட்டு மனைக்கு) அட்வான்ஸ் 6 லட்சம், குடும்பச் செலவுக்கு எடுத்தது 7 லட்சம், வியாபாரிகளிடம் கூடுதலாக நிற்பது, 35 லட்சம் 44 லட்சமானதில், 9 லட்சம். இதையும் கூட்டினால் 27 லட்சம். சரக்கிருப்பு ஏறக்குறைய மாறவில்லை. விற்பனை இவ்வளவு கூடியும் இருப்பைக் கூட விடாமல் வைத்திருப்பது உங்கள் கணவரின் திறமை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லாபம் வந்தது உண்மை. அது வந்த வேகத்தில் மெஷினாகவும் சைட்டாகவும் பாக்கி பில்லாகவும் மாறி நின்றுவிட்டதும் உண்மை. இதில் மெஷினும் சைட்டும் சுற்றுக்குள் வராதவை. சைட்டை விற்றாலன்றி அந்த 6 லட்சம் ஒருபோதும் ஒரு சனிக்கிழமைக்கு உதவாது. ‘ஒர்க்கிங் கேப்பிட்டல் லோன் வாங்கி ஒரு சைட் போட்டேன்’ என்று நம் பக்கத்தில் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சொல்லின் பொருள் தெரிந்தவருக்கு அந்த வாக்கியத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒட்டாது. நிலத்தின் மேல் நமக்குள்ள பிடிப்பு எனக்குத் தெரியாததில்லை. எங்கள் அப்பாவும் மஞ்சள் விற்ற பணத்தில் முதலில் வரப்பை நகர்த்தப் பார்த்தவர்தான். ஆனால் அவர் ஆண்டுக்கு ஒரு முறை அறுவடை செய்தவர். வாராவாரம் சம்பளம் போட்டவரில்லை.

விற்பனை கூடியதும் பணம் ஏன் குறைகிறது என்பதைக் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராத்திரி முழுவதும் ஊறுகிற தண்ணீர் இரண்டு ஏக்கருக்குப் போதுமானதாக இருக்கிறது. பயிர் நன்றாக வருகிறது என்று மூன்றாவது ஏக்கரிலும் நட்டு, பெரிய மோட்டார் போட்டால், ஊற்று மாறாமலே கிணறு மதியத்துக்குள் சேறாகிவிடும். 40 லட்சம் கூடுதலாக விற்றதற்காக நீங்கள் கூடுதலாக நூல் வாங்கினீர்கள், கூடுதலாகக் கூலி கொடுத்தீர்கள்; அந்தக் கூடுதல் சரக்கின் பணம் 75 நாள் கழித்தே வருகிறது. விற்பனை வளரும் ஆண்டில் இந்தத் தொழிலில் பணம் இறுகுவது இயல்பு. அந்த ஆண்டையே பார்த்து மெஷினை ரொக்கத்தில் வாங்கி, சைட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்ததுதான் உங்களுக்கு வந்த இடைஞ்சல். ஆகவே மாமனாருக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் இது: அவர் காலத்தில் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குச் சரக்குக் கொண்டுபோய்ப் பணத்தோடு திரும்பியிருந்தால் அவருக்குக் கடன் தேவைப்பட்டிருக்காது, 75 நாள் கடனுக்கு விற்பவர், லாபம் எவ்வளவு வந்தாலும், அந்த 75 நாளை யாருடைய பணத்திலாவது கடந்தாக வேண்டும்.

சி.சி. கணக்கைப் பற்றி உங்கள் கணவர் திருத்திக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சி.சி. என்பது நடைமுறை மூலதனத்தின் ஒரு பகுதியை நிரப்ப வங்கி தரும் வசதி. அதுவே நடைமுறை மூலதனம் ஆகிவிடாது. லிமிட் என்பது மேல் எல்லை. அதற்குள் இன்றைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதை ‘டிராயிங் பவர்’ தீர்மானிக்கிறது. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் (சரக்கு, பாக்கி விவரப் பட்டியல்) கேட்பது அதற்காகத்தான். வங்கிக்கு வங்கி முறை மாறினாலும் பொதுவான கணக்கு இப்படி அமையும்: சரக்கிருப்போடு 90 நாளுக்கு உட்பட்ட பாக்கி பில்களைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, வருவதில் கால் பங்கை உங்கள் மார்ஜினாக, அதாவது நீங்கள் போட வேண்டிய சொந்தப் பங்காக ஒதுக்குவது. உங்களுக்குச் சரக்கு 15 லட்சம், தகராறில் நிற்கும் 8 லட்சம் போகப் பாக்கி 36 லட்சம் கூட்டி, 19 லட்சம் கழித்தால் 32 லட்சம். கால் பங்கு போக 24 லட்சம். ஆய்வுக்கு வருபவர் அந்த மிச்சத் துணியைச் சரக்காக ஏற்கவில்லை என்றால் 21 லட்சத்து 75 ஆயிரம். லிமிட்டை 36 லட்சமாக எழுதிக் கொடுத்தாலும் நீங்கள் எடுக்கக்கூடியது இவ்வளவுதான். அந்த எண்ணை எட்டுவதற்காக ஸ்டேட்மெண்டில் இல்லாத சரக்கை எழுதுவோர் உண்டு. அதை நீங்கள் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. கணக்கு நிலுவை லிமிட்டையோ டிராயிங் பவரையோ தாண்டித் தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும் என்பதையும், மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டாக் ஸ்டேட்மெண்டை வைத்துக் கணக்கிட்ட டிராயிங் பவர் செல்லாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆகவே 36 லட்சம் கேட்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. மேலாளரிடம் வேறு ஒன்றைக் கேளுங்கள். மெஷின்கள் அண்மையில் வாங்கியவை. பில்கள் உங்களிடம் இருக்கின்றன. அந்த 5 லட்சத்தைத் தவணைக் கடனாக மாற்றித் தர முடியுமா என்று விசாரியுங்கள். சில வங்கிகள் குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கிய மெஷினுக்கு இப்படித் தருவதுண்டு. கிடைத்தால், பல ஆண்டுகள் உழைக்கப்போகும் மெஷினின் விலை சில ஆண்டுகளில் சிறு தவணைகளாகப் போகும். சுற்றிலிருந்து பிடுங்கிய 5 லட்சம் சுற்றுக்கே திரும்பும்.

அதைவிடப் பெரிய பணம் உங்கள் வியாபாரிகளிடம் இருக்கிறது. நாளொன்றுக்கு உங்கள் விற்பனை சுமார் 49,000 ரூபாய். கடன் நாள் 75 என்பது 45 ஆனால் 30 நாள் விற்பனை, அதாவது ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய், வட்டியில்லாமல் கைக்கு வரும். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிப்பேர் ஒத்துக்கொண்டால் 7 லட்சம். பாக்கி குறையும்போது டிராயிங் பவரும் கொஞ்சம் குறையும் என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம், தேவையே குறைந்துவிடுகிறது.

இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது, ஓர் அளவுக்கு. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அந்த நாளுக்குள், அது எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டு வட்டியாக. இதோடு, 2023 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வழியே வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்து, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடப்புக்கு வந்த 43பி(எச்) பிரிவு, கெடு தாண்டிக் கொடுத்த தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்றது. மார்ச் மாதத்தில் பழைய பாக்கிகள் திடீரென்று வரத் தொடங்கியதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதன் கூர்மை பெரும்பாலும் மார்ச் மாதத்தோடு சரி. ஜூன் மாதச் சரக்குக்கு செப்டம்பரில் பணம் கொடுத்தவரும் அந்த ஆண்டிலேயே கொடுத்துவிட்டதால் வரியில் ஒன்றும் இழப்பதில்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு நிட்டிங், டையிங் செய்து தரும் யூனிட்டுகளும் குறு, சிறு தொழில்களாகப் பதிந்திருந்தால், அவர்களுக்கு நீங்கள் நிறுத்தி வைக்கும் பாக்கிக்கும் இதே கெடு உண்டு. நூல் வியாபாரிக்கு இது பொருந்தாது. வாங்கி விற்பவர்களுக்கு இந்தத் தாமத விதிகளின் பாதுகாப்பு இல்லை.

சட்டத்தைக் காட்டி வசூலித்தால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று உங்கள் கணவர் சொல்வார்; அதை நான் மறுக்கப்போவதில்லை. அதனால் முதலில் விலையில் பேசிப் பாருங்கள். 15 நாளில் பணம் தருபவருக்கு 2 சதவீதம் தள்ளுபடி தருகிறீர்கள் என்று வையுங்கள். 60 நாள் முன்னதாகப் பணம் வருவதற்கு 2 சதவீதம் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 12 சதவீத வட்டிக்குச் சமம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு நீங்கள் வாங்கும் கைமாற்று ஆண்டுக்கு 24 சதவீதம். தள்ளுபடி கொடுப்பதை நம்மவர்கள் நட்டமாக நினைக்கிறார்கள். மாதா மாதம் கொடுக்கும் இரண்டு ரூபாய் வட்டியை ஏனோ அப்படி நினைப்பதில்லை, அது எந்த பில்லிலும் ஏறாததாலோ என்னவோ. எல்லாருக்கும் இதைத் தர வேண்டியதில்லை. வாரச் சம்பளம் 69,000 ரூபாய்க்கு ஈடாகும் அளவு சரக்கை வாரந்தோறும் எடுக்கும் ஒன்றிரண்டு பேர் ஒத்துக்கொண்டாலே வெள்ளிக்கிழமைப் பேச்சு நின்றுவிடும்.

அந்த 8 லட்சத்தை இனியும் முழுதாக எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். நேரில் போய், இருவருக்கும் தெரிந்த ஒரு பெரியவரை வைத்துப் பேசி, 5 லட்சம் ரொக்கமாகத் தீர்வதானால் தீர்த்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் போகிறதே என்று இருக்கும். 5 லட்சம் என்பது ஏழு வாரச் சம்பளம். விட்டுக்கொடுத்த தொகையைக் கணக்கில் எப்படி எழுதுவது, ஜி.எஸ்.டி. யில் என்ன செய்வது என்பதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். மிச்சத் துணியையும் கிலோ கணக்கில் வருகிற விலைக்குக் கொடுத்துவிடுங்கள். குடோனில் அது ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் மங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சைட்டின் கிரயம் தை மாதம் என்றும் மீதித் தொகைக்கு ‘லிமிட் கூடினால் சமாளித்துவிடலாம்’ என்றும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் தீபாவளி வருகிறது. ஆண்டுக் கூலி 36 லட்சம் என்று காட்டியிருக்கிறீர்கள், 8.33 சதவீதம் என்றாலே போனஸ் 3 லட்சம், அதுவும் ஒரே வாரத்தில், வாரச் சம்பளத்தோடு சேர்த்து. ஐப்பசியில் இந்த 3 லட்சம் சி.சி. யிலிருந்து போனால் தையில் சைட்டுக்கு எடுக்க அதில் ஒன்றும் இருக்காது. சைட் வேண்டும் என்றால் அதன் மீதித் தொகைக்கு வீட்டு மனைக் கடனோ, நகைக் கடனோ, உறவில் உதவியோ, தொழிலோடு தொடர்பில்லாத ஒரு வழியை இப்போதே பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் பேசிக் கிரயத்தைச் சித்திரைக்குத் தள்ளிப் போட முடியுமா என்று கேளுங்கள். மார்ச் மாத வசூல் வந்து சேர்ந்த பிறகு, உங்கள் கையில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, அப்போது முடிவெடுக்கலாம்.